பட்டன் போனுக்குக் காற்று முன்னறிவிப்பு வந்த விதம்

புதுச்சேரியை ஒட்டிய வீராம்பட்டினம் மீனவர் கிராமத்தில் 1990-களின் கடைசியில் தினமும் ஒலிபெருக்கியில் ஓர் அறிவிப்பு வரும். அலை எத்தனை உயரம், காற்று எந்தப் பக்கம், எவ்வளவு வேகம் என்ற விவரம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் தொடங்கிய கிராம அறிவு மையத் திட்டத்தில் நடந்த வேலை அது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வெளியாகும் அலை முன்னறிவிப்பை மையத்தில் இருந்தவர்கள் இறக்கி, தமிழில் சொல்லி, கரையில் நிற்பவர்களுக்குக் கேட்கும்படி ஒலிபரப்பினார்கள். உலகத்தின் மறுகோடியில் ஒரு பெரிய கணினி போட்ட கணக்கு, படகை நீரில் தள்ளப்போகிறவர் காதுக்கு வந்து சேர்ந்தது.

ஒலிபெருக்கிக்கு ஊர்தான் எல்லை. அடுத்த சில ஆண்டுகளில் மீனவர் கைக்குச் செல்போன் வந்ததும், அதே விவரத்தைப் போனுக்கே அனுப்பலாமே என்ற யோசனை வந்தது. சின்னத் திரை, மெதுவான இணைப்பு, இதுதான் பெரிய தடை என்று அப்போது தோன்றியிருக்கும். அந்தத் தடையைத் தாண்டுவது அவ்வளவு கடினமாக இல்லை. கடினமாக இருந்தது வேறு: அனுப்பும் எண் எந்த இடத்துக்கானது, எந்த நேரத்துக்கானது, அது போய்ச் சேருகிறபோது ஆள் எங்கே இருக்கிறார் என்பவை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். வானிலை மாதிரிகள், அதாவது வானிலையைக் கணக்கிடும் கணினி நிரல்கள், பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் காற்று, அழுத்தம், வெப்பம் எல்லாம் கணக்கிடுகின்றன. அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் மாதிரி தினமும் 4 முறை ஓடுகிறது. நம் நேரப்படி காலை 5.30, பகல் 11.30, மாலை 5.30, இரவு 11.30 மணி நிலவரத்தில் இருந்து தொடங்கும். 2000-களின் தொடக்கத்தில் எல்லோரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்திய கட்டத்தின் அளவு ஒரு பாகை, அதாவது ஒரு டிகிரி. அந்த அளவில் உலகம் முழுக்க 65,160 புள்ளிகள். காற்றைச் சொல்லப் புள்ளிக்கு இரண்டு எண்கள் வேண்டும், எண்ணுக்கு 2 பைட் என்று வைத்தால் ஒரே ஒரு வேளையின் காற்றுக்கு ஏறத்தாழ 260 கிலோபைட் ஆகிவிடும். அன்று பரவலாக இருந்த ஜிஎஸ்எம் வகைப் போனின் தரவு இணைப்பு நொடிக்கு 9,600 பிட். அதில் இதை இறக்க மூன்றரை நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். நிமிடத்துக்குக் காசு ஓடிக்கொண்டிருக்கும்.

ஆனால் கரையில் நிற்பவருக்கு உலகம் முழுவதும் எதற்கு? அவர் போகிற கடலுக்கு ஒரு புள்ளி, ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு ஒன்றாக 8 வேளை, வேளைக்குத் திசையும் வேகமும். ஆக மொத்தம் 16 எண்கள். எண்ணுக்கு ஒரு பைட் போதும் என்றால் 16 பைட்டில் முடிந்தது. ஒரு குறுஞ்செய்தி சுமப்பது 140 பைட். எண்களை மட்டும் அனுப்பினால் ஒரு வாரத்துக் காற்றையே ஒற்றைச் செய்தியில் அடைத்துவிடலாம்.

ஐரோப்பாவில் பாய்ப்படகு ஓட்டுபவர்களும் அலைப்பலகையில் பாய் கட்டி விளையாடுபவர்களும் இதைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டார்கள். 1999-இல் வந்த நோக்கியா 7110 போனில், எளிய இணையப் பக்கங்களைப் பார்க்க உதவும் வேப் வசதி இருந்தது. திரை 96-க்கு 65 புள்ளிகள், ஒரு பக்கத்துக்குச் சுமார் 1,400 பைட் வரைதான் தாங்கும். படமும் வண்ணமும் இல்லாமல் மணி, திசை, வேகம் என்று வரிசையாக எண்கள் வந்தாலே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. காற்றை ‘நாட்’ என்ற கடல் வேக அளவில் வாசித்துப் பழகியவர்கள் அவர்கள்.

நம் கரையில் அப்படி அனுப்ப முடியாது. சொல்லாகச் சொல்ல வேண்டும், தமிழில் சொல்ல வேண்டும். இடம் பற்றாமல் போனது இங்கேதான்.

குறுஞ்செய்திக்கு 160 எழுத்து என்ற அளவு வந்த கதை பலருக்கும் தெரிந்திருக்கும். 1985-இல் பான் நகரில் ஃபிரீட்ஹெல்ம் ஹில்லெப்ராண்ட் என்ற ஜெர்மானியப் பொறியாளர் தட்டச்சில் வாக்கியங்களை அடித்துப் பார்த்து, மனிதர்கள் சொல்ல நினைப்பது பெரும்பாலும் 160 எழுத்துக்குள் அடங்கிவிடுகிறது என்று முடிவுக்கு வந்தார். ரோமன் எழுத்து ஒன்றுக்கு 7 பிட். 160 எழுத்துக்கு 1,120 பிட். அதுதான் 140 பைட். தமிழுக்கு இந்த 7 பிட் போதாது. பல மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோடு குறிமுறையில் எழுத்துக்கு 16 பிட் எடுக்கும், ஆகவே அதே 140 பைட்டில் 70 இடம்தான். அந்த 70-ம் நம் கண்ணுக்குத் தெரிகிற 70 எழுத்து இல்லை. ‘காற்று’ என்பதில் நமக்குத் தெரிவது மூன்று எழுத்து. போனுக்கோ க, கால், ற, புள்ளி, ற, உகரக் குறி என்று ஆறு.

ஒரு எச்சரிக்கையை எண்ணிப் பாருங்கள்: ‘வடகிழக்குக் காற்று மணிக்கு 45-55 கிமீ, கடலுக்குச் செல்ல வேண்டாம்’. இடைவெளி உட்பட இதற்கே 64 இடம் போய்விடுகிறது. மீதி ஆறில் எந்தக் கடற்பகுதிக்கு, எந்தத் தேதிக்கு என்று எழுத வழியில்லை. செய்தியை இரண்டாக உடைத்து அனுப்பலாம். அப்போது இரண்டையும் ஒட்டுவதற்கான குறிப்புக்கு இடம் விட வேண்டியிருப்பதால் துண்டுக்கு 67 இடமாகச் சுருங்கும். இதெல்லாம் செய்தாலும், தமிழ் எழுத்துரு இல்லாத போனில் வரிசையாகக் கட்டங்கள்தான் தெரியும். 2000-களில் விற்ற மலிவான போன்கள் பலவற்றில் அதுதான் நிலை. அதனால் ரோமன் எழுத்தில் தமிழை அடித்து அனுப்பினார்கள், அல்லது ஆங்கிலத்திலேயே அனுப்பினார்கள். வாசிக்கச் சிரமப்படுகிறவர்களுக்காகக் குரலைப் பதிவு செய்து போனுக்கு அனுப்பும் முறையும் வந்தது. என்னைக் கேட்டால் அந்தக் காலத்தில் கடலோரத்துக்குப் பொருந்திய வழி குரல்தான். படகை இறக்கும் அவசரத்தில் யாரும் எழுத்துக்கூட்டிக்கொண்டு நிற்க மாட்டார்கள்.

இன்னொரு வழியும் இருந்தது. போனிலேயே ஒரு செயலியை ஏற்றிவிட்டால், எழுத்து வடிவங்கள் அதற்குள் இருக்கும். வலையமைப்பு வழியே எண்கள் மட்டும் வந்தால் போதும், திரையில் தமிழாகக் காட்டுவது செயலியின் வேலை. சுவாமிநாதன் நிறுவனம், குவால்காம், டாடா டெலிசர்வீசஸ் முதலியோர் சேர்ந்து 2000-களின் பிற்பகுதியில் தமிழகக் கரையில் கொண்டுவந்த ‘ஃபிஷர் ஃபிரண்ட்’ இப்படி சிடிஎம்ஏ என்ற வேறு வகை வலையமைப்பின் போனில் ஓடியது. அலை உயரம், மீன் கிடைக்கக்கூடிய இடம், சந்தை விலை, அரசுத் திட்டங்கள் எல்லாம் தமிழில் வந்தன. ஆண்ட்ராய்டு போன்கள் பரவுவதற்கு முன்னால், பட்டன் போனில் இதைச் செய்து காட்டியது சாதாரண வேலை இல்லை. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் நம் கடலுக்கென்றே அலை, காற்று முன்னறிவிப்பு கொடுக்கத் தொடங்கியிருந்ததால் அமெரிக்கக் கடற்படையை நம்பியிருக்க வேண்டிய தேவையும் குறைந்தது.

சரி, எண் வந்துவிட்டது. அது எதைச் சொல்கிறது?

ஒரு பாகைக் கட்டம் என்றால் ஏறத்தாழ 110 கிலோமீட்டர். சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட தூரத்தைவிடக் கொஞ்சம்தான் குறைவு. அந்தப் பரப்பு முழுவதற்கும் சேர்த்து ஒரே எண். விடியலில் கரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்றைப் பாயில் பிடித்து வெளியே போய், பிற்பகலில் கடல் பக்கமிருந்து வரும் காற்றில் திரும்புவது கட்டுமரக்காரர்களின் வழக்கம். கரையை ஒட்டிய சில பத்துக் கிலோமீட்டரில் நடக்கும் இந்த மாற்றம் அவ்வளவு பெரிய கட்டத்தில் ஒழுங்காகத் தெரியாது. பருவக்காற்று வலுக்கிறதா, தாழ்வுநிலை வருகிறதா என்பதை மாதிரி நன்றாகச் சொல்லும். கரையோரத்து நுணுக்கத்துக்கு அனுபவஸ்தர்தான் கணக்கு.

அடுத்தது, வேகம். முன்னறிவிப்பு சொல்வது நீர்மட்டத்திலிருந்து 10 மீட்டர் உயரத்தில் வீசும் சராசரி வேகம். உண்மையான காற்று அப்படிச் சீராக வீசாது. அடித்து அடித்து ஓயும். அதனால்தான் இந்திய வானிலைத் துறையின் மீனவர் எச்சரிக்கையில் ‘மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர், இடையிடையே 65’ என்று வரும். அந்த ‘இடையிடையே’யை இடமில்லை என்று வெட்டிவிட்டால் பெரும் ஆபத்து. காற்று தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. 45-இல் இருந்து 65-க்குப் போகும்போது வேகம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை, ஆனால் விசை இரண்டு மடங்கைத் தாண்டிவிடுகிறது. ஃபைபர் படகைக் கவிழ்ப்பது அந்தச் சில நொடி அடிதான்.

அலைக்கும் இதே கதை. ‘அலை 2 மீட்டர்’ என்பது எல்லா அலைகளின் சராசரியும் அல்ல, மிகப் பெரிய அலையின் உயரமும் அல்ல. வருகிற அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்துப் போட்ட சராசரி. அனுபவமுள்ளவர் கண்ணால் பார்த்துச் சொல்லும் உயரம் கிட்டத்தட்ட அதுவாக இருப்பதால் அந்த வழக்கம் ஏற்பட்டது. 8 நொடிக்கு ஓர் அலை என்றால் இரண்டேகால் மணி நேரத்தில் ஆயிரம் அலைகள் வந்துவிடும். அவற்றில் ஒன்று 3.7 மீட்டர் வரை எழும்பும் என்று எதிர்பார்க்கலாம். திசையிலும் கவனம் வேண்டும். வடகிழக்குக் காற்று என்றால் வடகிழக்கிலிருந்து வருவது. வடகிழக்கு நீரோட்டம் என்றாலோ வடகிழக்கை நோக்கிப் போவது. சுருக்க எழுத்தில் வெறும் திசையை மட்டும் போட்டால் வாசிப்பவர் நேர் எதிராகப் புரிந்துகொள்ளக்கூடும்.

இனி, செய்தி போய்ச் சேருவது. ஜிஎஸ்எம் டவரும் போனும் பேசிக்கொள்ள நேரக் கணக்கு முக்கியம். தூரம் கூடக்கூட ரேடியோ அலை வந்து சேரும் தாமதம் கூடும். அதைச் சரிசெய்ய வலையமைப்பில் 63 படிகள் இருக்கின்றன, படிக்குச் சுமார் 550 மீட்டர். ஆகவே சிக்னல் எவ்வளவு பலமாக இருந்தாலும் 35 கிலோமீட்டரோடு சாதாரண ஜிஎஸ்எம் முடிந்துவிடும். பூமியின் வளைவும் கிட்டத்தட்ட அங்கேயே கோடு போடுகிறது. 50 மீட்டர் டவரிலிருந்து, நீருக்கு 2 மீட்டர் மேலே கையில் பிடித்திருக்கும் போனுக்கு ரேடியோ அலை நேராக எட்டுவது ஏறக்குறைய 35 கிலோமீட்டர்தான். குட்டையான டவர், உள்நாட்டை நோக்கித் திருப்பி வைத்த ஆண்டெனா இரண்டும் சேர்ந்தால் இதைவிட வெகு முன்னாலேயே டவர் போய்விடும்.

டவர் போனபின் அனுப்பிய செய்தி உடனே தொலைந்து போவதில்லை. அது குறுஞ்செய்தி மையத்தில் காத்திருக்கும். போன் மறுபடி வலையமைப்பில் பதிவானதும் மையத்துக்குத் தகவல் போய், செய்தி இறங்கும். காலையில் அனுப்பிய ‘இன்று கடலுக்குச் செல்ல வேண்டாம்’, மறுநாள் கரைக்குத் திரும்புகிறபோது டிங் என்று வரும். வெறுமனே ‘இன்று’ என்று போட்டிருந்தால் அடுத்த நாள் போகவேண்டியவரையும் அது நிறுத்திவிடும். அந்த 70 இடத்தில் எதை வெட்டினாலும் தேதியை வெட்டக்கூடாது என்பது இதனால்தான். நள்ளிரவுக்குப் பின் தொழிலுக்குக் கிளம்புகிற கரைக்குச் செய்தி முந்தின நாள் மாலையே வர வேண்டும், அதாவது அன்று காலை 5.30 மணி நிலவரத்தில் ஓடிய கணக்கை வைத்து.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் கன்னியாகுமரிக்குத் தெற்கே உருவாகி வேகமாக வலுத்தபோது, ஆழ்கடலில் பல நாள் தங்கித் தொழில் செய்யும் படகுகள் டவரைத் தாண்டி வெகு தூரம் போயிருந்தன. கரையிலிருந்து செல்போன் வழியே அவர்களை எட்ட முடியவில்லை. அந்தப் புயலில் போன மீனவர் உயிர்களைச் சொல்லாமல் இந்த விஷயத்தைப் பேசவே முடியாது. 35 கிலோமீட்டர் என்பது எஞ்சினியர் கணக்கில் ஒரு எண்ணாக இருக்கலாம், கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் பக்கத்துக் குடும்பங்களுக்கு அது அப்படி இல்லை.

2019-இல் இன்காய்ஸும் விமான நிலைய ஆணையமும் ‘ஜெமினி’ என்ற கருவியைக் கொண்டுவந்தன. விமானங்களுக்கு வழிகாட்டும் ககன் செயற்கைக்கோள்கள் வழியே எச்சரிக்கை வரும். கருவி அதை வாங்கிப் புளூடூத்தில் படகிலுள்ள போனுக்குக் கொடுக்கும். டவர் தேவையில்லை, ஆனால் படகிலிருந்து பதில் அனுப்ப முடியாது. ககன் வகைச் சிக்னல் சுமப்பது நொடிக்கு 250 பிட், அதிலும் பெரும்பகுதி விமானங்களுக்கான திருத்தங்களுக்கே போய்விடும். ஆகவே நடுக்கடலுக்குச் செல்லும் செய்தியையும் பட்டன் போன் காலத்தைப் போலவே எண்ணி எண்ணித்தான் எழுத வேண்டியிருக்கிறது: கடற்பகுதி, தேதி, காற்று, அலை.