கிளாக் ஸ்பீடு: கடிகாரமா, துடிப்பா?

மடிக்கணினி சூடேறிக்கொண்டே இருந்ததால், செயலியின் (புராசஸரின்) கிளாக் ஸ்பீடை மென்பொருள் வழியாகக் குறைத்துக்கொண்டிருந்தேன். என்ன செய்கிறீர்கள் என்று அக்கா மகள் கேட்டாள். "கடிகார வேகத்தைக் குறைக்கிறேன்" என்றேன். "அப்படின்னா லேப்டாப்ல மணி தப்பா காட்டாதா மாமா?" என்றாள்.

சரியான கேள்விதான். அந்தச் சொல்லைக் கேட்கும் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். மணி காட்டும் கடிகாரம் கணினிக்குள் தனியாக இருக்கிறது. நொடிக்கு 32,768 முறை அதிரும் ஒரு சிறு குவார்ட்ஸ் படிகம் அதை நடத்துகிறது; கணினியை அணைத்து வைத்தாலும் அது நிற்பதில்லை. செயலியின் வேகத்தை ஏற்றினாலும் இறக்கினாலும் அந்த மணி மாறாது.

'கிளாக்' என்ற சொல்லின் வேர், இடைக்கால லத்தீனில் இருந்த 'குளோக்கா'. பொருள், ஒலிக்கும் மணி. ஜெர்மன் மொழியில் 'குளோக்கே' என்றால் இன்றும் மணிதான். அடித்து ஒலித்த மணி, நேரம் காட்டும் கருவிக்கே பெயராகிவிட்டது. தமிழிலும் இதே கதை நடந்திருப்பது எனக்குப் பெரும் மகிழ்ச்சி: தொங்கும் மணியும் மணிதான், "மணி என்ன?" என்று கேட்பதும் மணிதான். கடிகாரம் வந்த வழி வேறு. அதன் வேர் கடிகை. வடமொழியில் சிறு குடத்தைக் குறித்த சொல் அது. அடியில் துளையிட்ட கிண்ணத்தை நீரில் மிதக்கவிட்டு, அது நிரம்பி மூழ்கும் பொழுதை ஓர் அளவாகக் கொண்டார்கள். 24 நிமிடம், நம் நாழிகையும் அதே அளவுதான்.

ஆக, இரண்டுமே பொழுதை அறிவிக்கும் சொற்கள். செயலிக்குள் இருக்கும் 'கிளாக்' பொழுதை அறிவிப்பதில்லை. மின்னழுத்தம் ஏறி இறங்கி, ஏறி இறங்கிச் சீராகத் தட்டிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு தட்டுக்கும் உள்ளே இருக்கும் சுற்றுகள் ஒன்றுசேர ஓர் அடி எடுத்து வைக்கின்றன. 1971இல் வந்த இன்டெல் 4004 செயலியில் நொடிக்கு அதிகபட்சம் சுமார் 7,40,000 தட்டு. 3 கிகாஹெர்ட்ஸில் ஓடும் செயலியில் 300 கோடி. ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையே ஒளிகூட 10 சென்டிமீட்டர்தான் போகும்!

மென்பொருள் எதை மாற்றுகிறது? இன்றைய பெரும்பாலான இன்டெல் செயலிகளில் அடிப்படைத் தட்டு 100 மெகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 10 கோடி. அதை ஒரு பெருக்கியால் பெருக்கி வருவதுதான் ஓடும் வேகம். பெருக்கி 8 என்றால் 800 மெகாஹெர்ட்ஸ், 28 என்றால் 2.8 கிகாஹெர்ட்ஸ். மென்பொருள் அந்த அடிப்படைத் தட்டைத் தொடுவதே இல்லை, பெருக்கியைத்தான் மாற்றச் சொல்கிறது. லினக்ஸ் இயங்குதளத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம்: வேகத்தைச் சொல்லும் கோப்பைத் திறந்தால், கணினி சும்மா இருக்கும்போது 800000 என்பது போல ஓர் எண் நிற்கும். கிலோஹெர்ட்ஸ் கணக்கு அது, அதாவது 800 மெகாஹெர்ட்ஸ். வேலை வந்தவுடன் மடமடவென்று ஏறும். விண்டோஸில் மின்சக்தி அமைப்புகளுக்குள் போய், செயலியின் உச்சநிலையை 100 சதவீதத்திலிருந்து 99 ஆக்கினால், பல மடிக்கணினிகளில் டர்போ வேகம், அதாவது வேலை மிகும்போது செயலி தானாக ஏறிக்கொள்ளும் கூடுதல் வேகம், நின்றுவிடும். விசிறிச் சத்தம் அடங்குவது காதுக்கே தெரியும். ஒரே ஒரு சதவீதம்தானே என்று தோன்றலாம். ஆனால் டர்போவே நின்றுவிடுவதால் உச்ச வேகம் அதைவிட அதிகமாக இறங்குகிறது. வேகம் இறங்கும்போது செயலிக்குத் தேவையான மின்னழுத்தமும் இறங்குகிறது. செலவாகும் மின்திறனோ மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. அதனால்தான் வேகத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் சூடு நிறையக் குறைகிறது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? என் தேர்வு துடிப்பு. நாடித் துடிப்பு, இதயத் துடிப்பு என்று எல்லாரும் புழங்கும் சொல். துடி என்ற பெயரில் பழந்தமிழில் ஒரு பறையும் உண்டு. சீரான தட்டு என்ற பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான உறவு கிடைக்காது. 'ஸ்பீடு' என்பதையும் வேகம் என்று எழுதத் தேவையில்லை, இங்கே எதுவும் தூரம் கடப்பதில்லையே. நொடிக்கு எத்தனை என்ற கணக்குதான். அதிர்வெண் என்று தமிழ்நாட்டுப் பாடநூல்களும் மீடிறன் என்று இலங்கைப் பாடநூல்களும் சொல்வது இதைத்தான். அதிர்வெண்ணைப் பார்த்துத் 'துடிப்பெண்' என்று ஆக்கலாமே என்று முதலில் நினைத்தேன். எழுதிப் பார்த்தால் பெண் என்று படிக்க வருகிறது, விட்டுவிட்டேன். துடிப்பு வீதம் போதும்.

அப்புறம் 'ஓவர்கிளாக்'. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. டர்போவில் ஏறுவது தயாரித்தவர்களே அனுமதித்த எல்லைக்குள் நடப்பது. அது வெறும் துடிப்பேற்றம். அந்த எல்லையைத் தாண்டினால்தான் ஓவர்கிளாக். அதற்கு மிகைத்துடிப்பு என்பது பொருந்தும், மிகை என்ற சொல்லிலேயே அளவு மீறல் இருக்கிறது. 'அண்டர்கிளாக்' துடிப்பிறக்கம். மடிக்கணினிச் செயலிகள் பெரும்பாலானவற்றில் பெருக்கியின் மேல் எல்லையைப் பூட்டியே விற்கிறார்கள். ஆகவே மடிக்கணினிக்காரர்களுக்கு அதிகம் பயன்படப்போவது இந்தக் கடைசிச் சொல்தான்.