எந்த ஆண்டு ஹிட்லர்?

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது இரண்டு கிலோ குறைந்ததென்று அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போட்டால், அன்று மாலை தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் தோட்டத் துரைக்குப் பெயர் ‘ஹிட்லர்’. அதனால் யாருக்கும் பெரிய கேடில்லை. கோபம் ஆறினால் அந்தப் பெயரும் போய்விடும். இரவில் வட்ஸ்அப் குழுவுக்கு வரும் ‘இஸ்லாமிய பாசிசம்’, ‘பௌத்த பாசிசம்’, ‘இந்துத்துவ பாசிசம்’ அப்படிப் போவதில்லை. துண்டுப்பிரசுரங்களையும் முகநூல் பதிவுகளையும் வெளிவருமுன் திருத்திக் கொடுக்கும் வேலையில் ஆகக் கூடுதலாகத் தலையிடி தருவது இந்தச் சோடிச் சொற்கள்தான். எழுதியவரிடம் முதலில் கேட்க வேண்டியது: எந்த ஆண்டு ஹிட்லரைச் சொல்கிறீர்கள்?

இது குதர்க்கம் இல்லை. 1933 ஜனவரி 30இல் ஹிட்லர் பதவிக்கு வந்தது ஒரு கூட்டணி அரசாங்கத்தின் தலைவராக, சட்டப்படி. பெப்ரவரி 27இல் பாராளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாளே பேச்சு, பத்திரிகை, கூட்டச் சுதந்திரங்கள் நிறுத்தப்பட்டன. மார்ச் 23இல் பாராளுமன்றம் தன் சட்டமியற்றும் அதிகாரத்தைத் தானே அரசாங்கத்தின் கையில் கொடுத்தது. ஜூலையில் நாசிக் கட்சியைத் தவிர வேறு கட்சி இல்லை. யூதரின் குடியுரிமையில் கைவைத்தது 1935இல். தொழுகைக் கூடங்களை எரித்தது 1938 நவம்பரில். கொலை முகாம்கள் இயங்கத் தொடங்கியது 1941 கடைசியில். எழுதுகிறவர் 1933ஐ நினைத்து எழுதுவார். வாசிக்கிறவர் மனதில் நச்சுவாயு அறை வந்து நிற்கும். பிறகு பின்னூட்டத்தில் நடப்பது வாதமில்லை, ஏச்சு.

பாசிசம் என்ற சொல் இத்தாலி மொழியில் ‘கட்டு’ என்பதிலிருந்து வந்தது. மிலாறு (கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி) கட்டு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்: பழைய ரோமில் கோடரியோடு சேர்த்துக் கட்டிய பிரம்புக் கட்டுதான் அதிகாரச் சின்னம். 1919இல் மிலான் நகரில் முசோலினி அந்தப் பெயரில் இயக்கம் தொடங்கினார், 1922இல் பிரதமர், 1926க்குள் மற்றக் கட்சிகள் தடை. ஒரே தலைவர், ஒரே கட்சி, சீருடை போட்ட கட்சி அடியாட்கள், அவர்களுக்கு அரசின் ஆதரவு, நாட்டுக்குள்ளேயே ‘எதிரி’ என்று குறிக்கப்பட்ட ஒரு கூட்டம். இவை சேர்ந்து வந்தால் அந்தச் சொல்லைப் பயப்படாமல் எழுதலாம். ஒன்றிரண்டு மட்டும் இருந்தால் அது இனவாதமாக இருக்கலாம், மதவாதமாக, பேரினவாதமாக, வெறும் அடாவடியாக இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் நம்மிடம் சொல் இருக்கிறது. ஸ்பெயினின் பிராங்கோவைப் பாசிஸ்ட் என்பதா வேண்டாமா என்று வரலாற்றாசிரியர்களே இன்னும் பிடிவாதமாக நிற்கிறார்கள். ஆகவே இதில் தராசு முள் நேரே நிற்காது.

மதத்தைச் சேர்க்கும்போது சிக்கல் இரட்டிக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபை பாசிசத்தோடு நின்றதா? 1929இல் முசோலினியோடு வத்திக்கான் ஒப்பந்தம் செய்தது, 1933 ஜூலையில் ஹிட்லர் அரசாங்கத்தோடும் செய்தது. சுலோவாக்கியாவில் நாசிகளின் கைப்பாவையாக ஆட்சி நடத்திய திசோ ஒரு குருவானவர். அதே திருச்சபையின் பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் 1937இல் நாசிகளைக் கண்டித்து எழுதிய சுற்றுமடல் ஜெர்மன் கோயில்களில் குருத்து ஞாயிறன்று வாசிக்கப்பட்டது. ஹிட்லரை எதிர்த்த புரட்டஸ்தாந்து போதகர் போன்ஹொஃபரை நாசிகள் 1945 ஏப்ரலில் தூக்கிலிட்டார்கள். இதில் எதை எடுத்து ‘கிறிஸ்தவப் பாசிசம்’ என்று பெயர் வைப்பது?

ஜெருசலேமின் முஸ்லிம் மதத் தலைவரான முப்தி ஹிட்லரைச் சந்தித்த படமும் அப்படித்தான். படம் உண்மை, 1941 நவம்பர் 28. ஆனால் அதே போரில் வட ஆபிரிக்க முஸ்லிம்கள் பிரெஞ்சுப் படையிலும், இந்திய முஸ்லிம்கள் பிரித்தானியப் படையிலும் நாசிகளோடு சண்டையிட்டார்கள். முப்தியின் குற்றத்தை அட்டன் நகரில் துணிக்கடை வைத்திருப்பவர் தலையில் எப்படி ஏற்றுவது? கோவில் சுவரில் இருக்கும் சுவஸ்திகாவைப் படமெடுத்து ‘நாசிச் சின்னம்’ என்று போடுவதும் இதே ரகம். சிவப்புக் கொடியில், வெள்ளை வட்டத்துக்குள், சாய்த்து நிறுத்திய கறுப்புக் கொக்கிச் சிலுவைதான் நாசிகளுடையது. கோவிலில் இருப்பது அதற்குப் பல நூற்றாண்டு மூத்தது.

மலையகத்தில் அடிக்கடி வரும் ஒப்புமை வேறொன்று: தோட்டத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம், ஜெர்மனியின் 1935 சட்டம் மாதிரி என்பது. இதைத் திருத்துபவர் உடனே வெட்டிவிடக் கூடாது. உள்ளே பார்த்தால் ஒற்றுமை இருக்கிறது. இரண்டும் பாட்டன் பூட்டனைத் தேடின. ஜெர்மனியில் 1935 நவம்பரில் வந்த விதிப்படி, பெற்றோரின் பெற்றோர் நால்வரில் மூவர் யூத மதச் சபையைச் சேர்ந்தவர் என்றால் பேரப்பிள்ளை யூதர். இரத்தம், இரத்தம் என்று சொன்னவர்கள் கடைசியில் ஆதாரமாக எடுத்தது கோயில் பதிவேட்டைத்தான். இங்கே 4ஆம் பிரிவு, இலங்கையில் பிறந்தவரிடமும் தகப்பன் இங்கே பிறந்ததற்கு, அல்லது தகப்பனின் தகப்பனும் அவருடைய தகப்பனும் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. லயத்தில் பிறந்தவர்களில் எத்தனை பேரிடம் அந்தத் துண்டு இருந்தது?

வேறுபாட்டையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். ஜெர்மன் சட்டம் யூதரைப் பெயர் சொல்லிக் குறித்தது. இலங்கைச் சட்டம் எந்த இனத்தையும் பெயர் சொல்லவில்லை, தந்திரமே அதில்தான். 1949இல் வாக்குரிமையும் பறிபோனது. 1952 தேர்தலில் தோட்டத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு ஒரு ஆசனமும் கிடைக்கவில்லை. ஆனால் சத்தியாக்கிரகம் நடத்த முடிந்தது, வழக்குப் போட முடிந்தது. அந்த வழக்கு லண்டனில் இருந்த கடைசி மேன்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் வரை போய் 1953இல் தோற்றது. இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 ஒப்பந்தம் இந்த மக்களில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்து, 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று விட்டது. நாடற்றவர் பிரச்சினைக்கு 2003இலும் சட்டம் போட வேண்டியிருந்தது. இவ்வளவும் சொன்ன பிறகு ஹிட்லர் பெயர் தேவையா என்று எழுதியவரே யோசிப்பார். பெரும்பாலும் தேவைப்படாது.

சட்டப் பக்கமும் இருக்கிறது. இலங்கையின் 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐ.சி.சி.பி.ஆர். (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டத்தின் 3ஆம் பிரிவு, வன்முறையையோ பாகுபாட்டையோ தூண்டும் இன, மத வெறுப்பைக் குற்றமாக்குகிறது. தண்டனை பத்து ஆண்டு வரை. பிணை கொடுக்க நீதவானால் முடியாது. மேல் நீதிமன்றம்தான், அதுவும் விதிவிலக்கான காரணம் இருந்தால். 2019இல் சிங்களச் சிறுகதை ஒன்றுக்காக அதன் எழுத்தாளரே நான்கு மாதம் விளக்கமறியலில் இருந்தார். 2018 மார்ச்சில் கண்டிக்குப் பக்கத்துத் திகனவில் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரத்தில் கடைகள் எரிந்தபோது முகநூலையும் வட்ஸ்அப்பையும் அரசாங்கம் முடக்கியது. ஆகவே, கோபத்தில் மத அடைமொழி போட்ட பதிவை அழித்துவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். ஸ்கிரீன்ஷொட் ஏற்கெனவே போயிருக்கும், பெரும்பாலும் மோசமான மொழிபெயர்ப்போடு.

திருத்தம் எப்படி இருக்கும்? வந்த வரி: ‘பௌத்த பாசிசம் தலைவிரித்தாடுகிறது, ஹிட்லர் வந்துவிட்டான்.’ அடைமொழியை எடுத்துவிட்டு அமைப்பின் பெயர், திகதி, நகரம், செயல் நான்கையும் கேட்டு வாங்கினால் வரி இப்படி மாறும்: ‘இன்ன அமைப்பினர் இன்ன திகதியில் இன்ன நகரில், முஸ்லிம் கடைகளில் சாமான் வாங்க வேண்டாம் என்று துண்டுப்பிரசுரம் கொடுத்தார்கள். 1933 ஏப்ரல் 1ஆம் திகதி ஜெர்மனியில் யூதர் கடை வாசல்களில் நாசிச் சீருடைக்காரர் நின்று இதையே சொன்னார்கள்.’ ஜெர்மனியில் அந்தச் சீருடைக்குப் பின்னால் அரசாங்கம் நின்றது. இங்கே நின்றதா, பொலிஸ் முறைப்பாட்டை ஏற்றதா என்பதை விசாரித்து மூன்றாவது வரியாகச் சேர்க்க வேண்டும். அப்படி எழுதிய பதிவைச் சிங்களத்தில் பெயர்த்துப் போட்டாலும் பக்கத்துப் பன்சலை ஹாமதுருவுக்கு (விகாரைப் பிக்குவுக்கு) கோபிக்க அதில் ஒன்றுமிருக்காது. பதில் சொல்ல வேண்டியவர் துண்டுப்பிரசுரத்தை அச்சடித்தவர்.