இடதுகை பேட்டரும் எட்டாத பந்தும்: பேஸ்பாலின் புதிய விதிகளுக்குப் பின்னால் இருக்கும் வடிவியல்

"ஃபீல்டரை எங்கே நிறுத்துவது என்பது அந்த அணியின் சாமர்த்தியம். அதற்கு விதி போடுவது நியாயமா?" அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் ஃபீல்டர்கள் நிற்கும் இடத்தையும் பந்து வீசும் நேரத்தையும் கட்டுப்படுத்த 2023 முதல் நடைமுறையில் உள்ள மாற்றங்களைப் பற்றி, கிரிக்கெட் பார்க்கும் வாசகர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார். கிரிக்கெட்டிலும் லெக் பக்கத்தில் பாப்பிங் கிரீஸுக்குப் பின்னால் கீப்பரைத் தவிர இரண்டு பேருக்கு மேல் நிற்க முடியாது. ஆகவே விதி இருப்பது புதிதல்ல. எந்த வழியை அடைக்க அந்த விதி வந்தது என்பதுதான் பார்க்க வேண்டியது.

விதி இதுதான். பிட்சர் (பந்து வீசுபவர்) வீசத் தயாராகும்போது, பேஸ்களை (ஓட்டக்காரர் வரிசையாகத் தொட வேண்டிய தளங்கள்) ஒட்டி நிற்கும் நான்கு இன்ஃபீல்டர்களின் இரண்டு கால்களும் மண் பரப்பின் வெளி எல்லைக்குள், அதாவது வெளிப்புறப் புல்வெளிக்கு முன்பாக, இருக்க வேண்டும். பேட்டருக்கு நேரெதிரே உள்ள இரண்டாம் பேஸின் இருபுறமும் இருவர் இருவராக நிற்க வேண்டும். முன்பு இப்படி இல்லை. இடதுகை பேட்டர் வந்தால் மூன்று இன்ஃபீல்டர்கள் வலப்பக்கம், அதாவது பேட்டர் முதலில் ஓட வேண்டிய முதல் பேஸ் பக்கம், குவிவார்கள். அதில் ஒருவர் வலப்புறப் புல்வெளிக்குள்ளேயே போய் நிற்பார். இதைத்தான் ஷிஃப்ட் என்பார்கள். 1946-ல் கிளீவ்லாண்ட் அணியின் லூ பூட்ரோ, இடதுகை பேட்டர் டெட் வில்லியம்ஸுக்கு எதிராகச் செய்தது இதில் புகழ்பெற்றது.

பந்து அந்தப் பக்கமே போகும் என்று எப்படித் தெரியும்? இந்த ஆட்டத்தின் இயற்பியலில் மிக அழகான பகுதி இதுதான்.

பந்தைத் தொடும் கணத்தில் மட்டை தரைக்கு இணையாக இருப்பதில்லை. கைப்பிடி மேலே, தலை கீழே என்று ஏறத்தாழ 30 டிகிரி சாய்ந்திருக்கும். சப்பாத்திக் கட்டையை அதே சாய்வில் பிடித்து, அதன் அடிப்புறத்துக்குச் செங்குத்தாக ஒரு குச்சியை வைத்துப் பாருங்கள். குச்சி நேர் கீழே காட்டாது. கீழேயும் கொஞ்சம் கைப்பிடிப் பக்கமாகவும் காட்டும். மட்டையின் அடிப்புறத்தில் பட்ட பந்தும் அப்படித்தான் தரையை நோக்கி, கைப்பிடிப் பக்கம் விலகிப் போகிறது. இடதுகை பேட்டர் முதல் பேஸ் பக்கம் நிற்பவர், கைப்பிடியும் அந்தப் பக்கமே. எனவே அவருடைய தரைப்பந்துகள் வலப்பக்கம் சாய்கின்றன. மேற்புறத்தில் பட்டால் எல்லாம் தலைகீழ்: பந்து உயரே எழும்பி எதிர்ப்பக்கம் போகும்.

இதோடு நேரமும் சேர்ந்துகொள்கிறது. வேகம் குறைந்த பந்தில் ஏமாந்து பேட்டர் சீக்கிரமே மட்டையை வீசிவிட்டால், மட்டை வலப்பக்கம் திரும்பி, மேல்நோக்கி எழத் தொடங்கியிருக்கும். அப்போது அது பந்தின் தலையில்தான் படும். மறுபடியும் தரைப்பந்து, மறுபடியும் அதே பக்கம். "ஆள் இல்லாத பக்கம் அடிக்க வேண்டியதுதானே?" என்று பேட்டரைக் குறை சொல்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து சுமார் 0.4 விநாடியில் வந்துவிடுகிறது. அதற்குள் மட்டையின் கோணத்தை மாற்றச் சொல்வது நடைமுறை தெரியாத அறிவுரை.

அடுத்தது ஆழம். ஷிஃப்டின் பலம் மூன்று பேர் ஒரு பக்கம் குவிவதில் மட்டும் இல்லை; பின்னால் தள்ளி நிற்பதிலும் இருக்கிறது. இரண்டாம் பேஸ்மேன் வழக்கமாக நிற்கும் திசையில் மண் பரப்பு ஹோம் பிளேட்டிலிருந்து (பேட்டர் நிற்கும் இடம்) சுமார் 45 மீட்டரில் முடிகிறது. ஷிஃப்டில் அவர் 55 மீட்டரில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். தரைப்பந்து சராசரியாக விநாடிக்கு 35 மீட்டர் வேகத்தில் வந்தால் அவருக்கு 0.3 விநாடி கூடுதலாகக் கிடைக்கும். விநாடிக்கு 5 மீட்டர் ஓடினாலும் இருபுறமும் ஒன்றரை மீட்டர், மொத்தம் மூன்று மீட்டர் அகலம் அவர் கைக்குள் வந்துவிடும்.

அப்படியானால் எல்லோரும் ஆழமாக நிற்கலாமே? முடியாது. பந்தைப் பிடித்து முதல் பேஸுக்கு எறிய வேண்டும். பேட்டர் சுமார் 4.3 விநாடியில் அங்கே ஓடி வந்துவிடுவார். வலப்பக்கம் 55 மீட்டரில் நிற்பவருக்கு முதல் பேஸ் ஏறத்தாழ 31 மீட்டர். பந்து வர 1.6, பிடித்துத் திரும்ப 0.8, எறிய ஒன்றுக்குச் சற்று மேல், ஆக மூன்றரை விநாடியில் வேலை முடியும். இடப்பக்கம் அதே ஆழத்தில் நிற்பவரோ 52 மீட்டர் எறிய வேண்டும். கணக்கு நான்கு விநாடியைத் தாண்டிவிடும். பந்து கையில் சற்றே தடுமாறினாலும் பேட்டர் தப்பிவிடுவார். முதல் பேஸ்மேனும் எறியை வாங்க பேஸை விட்டு வெகுதூரம் போக முடியாது. ஆகவே இந்தப் பொறி இடதுகை பேட்டருக்கே முழுமையாக மூடியது. புதிய விதியின் பலனும் பெரும்பாலும் அவருக்கே. அது நியாயம் என்றே நான் கருதுகிறேன்.

ஆனால் பலனை மிகைப்படுத்தக் கூடாது. லீக்கின் பேட்டிங் சராசரி (பந்தை அடித்துப் பத்திரமாகப் பேஸை எட்டும் விகிதம்) 2022-ல் 0.243; 2023-ல் 0.248, 2024-ல் மறுபடியும் 0.243. பேட்டிங் வாய்ப்புகளில் ஐந்தில் ஒன்றுக்கு மேல், பந்தைக் களத்துக்குள் அடிக்காமலே ஆட்டமிழக்கும் ஸ்ட்ரைக்அவுட்டில் முடிகின்றன. ஃபீல்டர் எங்கே நின்றாலும் அந்த எண்ணிக்கை மாறாது. இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பை இரண்டாம் பேஸை ஒட்டி நிறுத்தவும் விதியில் இடம் இருக்கிறது. 2023 பயிற்சி ஆட்டம் ஒன்றில் பாஸ்டன் அணி, இடதுகை பேட்டர் ஜோயி காலோவுக்கு எதிராக, வெளிப்புறப் புல்வெளியில் நிற்கும் அவுட்ஃபீல்டர் ஒருவரையே வலப்புறப் புல்வெளிக்குக் கொண்டுவந்தது. இன்ஃபீல்டருக்குப் போட்ட விதி அவுட்ஃபீல்டரைக் கட்டுப்படுத்தாது.

ஆட்டத்தை வேகப்படுத்தும் விதி அப்படியல்ல, அது உடனே வேலை செய்தது. ஆள் பேஸில் இல்லையென்றால் 15 விநாடிக்குள் வீச வேண்டும். இருந்தால் 2023-ல் 20 விநாடி, 2024 முதல் 18. பிட்சர் தாமதித்தால் ஒரு பால் (நான்கு சேர்ந்தால் பேட்டருக்கு முதல் பேஸ் இலவசம்), கடிகாரம் 8 விநாடியைத் தொடும்போது பேட்டர் தயாராக இல்லையென்றால் ஒரு ஸ்ட்ரைக் (மூன்று சேர்ந்தால் அவுட்). ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தின் சராசரி நேரம் 3 மணி 4 நிமிடத்திலிருந்து 2 மணி 40 நிமிடமாகக் குறைந்தது.

இதை வடிவமைத்தவர்கள் ஒரு ஓட்டையை முன்கூட்டியே கண்டார்கள். பேஸில் நிற்பவரை நோக்கி பிட்சர் பந்தை எறிந்தால் கடிகாரம் மறுபடியும் முதலிலிருந்து ஓடும். அப்படியே எறிந்துகொண்டிருந்தால் விதிக்கே அர்த்தமில்லை. அதனால் ஒரு பேட்டருக்கு இரண்டு முறைதான் அனுமதி. மூன்றாவது முறை ஓட்டக்காரர் அவுட் ஆகாவிட்டால் அது பால்க் எனும் பிட்சர் தவறு, ஓட்டக்காரருக்கு அடுத்த பேஸ் இலவசம். பேஸின் அளவும் 15 அங்குலத்திலிருந்து 18 ஆனதால், முதல் பேஸுக்கும் இரண்டாம் பேஸுக்கும் இடையிலான ஓட்டம் நாலரை அங்குலம் குறைந்தது. இரண்டும் சேர்ந்து, பந்து அடிக்கப்படாமலே ஓட்டக்காரர் அடுத்த பேஸுக்கு ஓடிவிடும் பேஸ் திருட்டுகள் 2,486-லிருந்து ஒரே ஆண்டில் 3,503 ஆயின.

இதில் தீராத வழக்கு ஒன்று உண்டு. இரண்டு பந்துகளுக்கு இடையிலான ஓய்வு குறைந்ததால் பிட்சர்களின் முழங்கைத் தசைநார் கிழிகிறது என்று 2024 ஏப்ரலில் வீரர்கள் சங்கம் குற்றம் சாட்டியது. லீக் மறுத்தது, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பகுப்பாய்வு ஒன்றை ஆதாரமாகக் காட்டியது. சங்கத்தின் வாதத்துக்கு உடலியல் அடிப்படை இல்லாமல் இல்லை. முழு விசையில் வீசும் தசைக்கு உடனடி எரிபொருளாகும் பாஸ்போகிரியாட்டின் பாதியளவு மீளவே ஏறத்தாழ அரை நிமிடம் வேண்டும். தசை களைத்தால் சுமை தசைநார்மேல் விழும். அதே சமயம் பிட்சர்கள் முன்பைவிட வேகமாகவும், ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தோடும் வீசுகிறார்கள். காயங்கள் கடிகாரம் வருமுன்பே ஏறத் தொடங்கிவிட்டன. இரண்டில் எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல, ஒவ்வொரு பிட்சரின் வீச்சு இடைவெளிப் பதிவும் மருத்துவப் பதிவும் ஒரே இடத்தில் வேண்டும். விதி போட்ட தரப்பே அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்து முடிவையும் சொல்லிக்கொண்டிருந்தால் யாரும் நம்பமாட்டார்கள். பெயர்களை நீக்கிவிட்டு அந்தத் தரவைச் சுயேச்சையான ஆய்வாளர்களிடம் கொடுக்க வேண்டும். செலவை லீக்கும் சங்கமும் பாதிப்பாதி ஏற்க வேண்டும்.