இச்சி மரமும் காப்பித் தோட்டத்துக் கணக்கும்

தாண்டிக்குடிப் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எங்கள் காப்பித் தோட்டத்தில் பல வருடங்களாக ஒரே கணக்கு மென்பொருள்தான். எடை, கூலி, முன்பணம், இருப்பு எல்லாம் அதில்தான் ஓடுகிறது. புதிதாக எழுதித் தருகிறோம், ஆனால் ஒரு வாரம் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும் என்கிறார்கள். நிறுத்தாமல் மாற்றவே முடியாதா?"

முடியும். வழி உங்கள் தோட்டத்திலேயே நிற்கிறது. வத்தலகுண்டிலிருந்து மேலே ஏறும்போது, பலா, கல்யாண முருங்கை என்று காப்பிக்கு நிழல் தரும் மரங்களைப் பார்த்துக்கொண்டே வாருங்கள். எங்காவது ஒன்றை ஆலுக்கு உறவான இச்சி மரம் வளைத்துப் பிடித்திருக்கும்.

குக்குறுவானோ பச்சைப்புறாவோ பழத்தைத் தின்றுவிட்டுக் கிளைக் கவையில் எச்சமிடும். விதை அங்கேயே முளைக்கும். இதுவரை பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். எனக்குப் பிடித்தது இதற்கு அப்புறம் நடப்பது. கவையில் சேர்ந்த கொஞ்சம் மக்கையும் மழைத் தண்ணீரையும் வைத்துக்கொண்டு அந்தச் செடி ரொம்ப மெதுவாகவே வளரும். அந்தச் சமயத்தில் மெல்லிய வேர் ஒன்றைக் கீழே இறக்கும். அது மண்ணைத் தொட்டுவிட்டால் கதையே மாறிவிடும். தண்ணீரும் சத்தும் கிடைத்துச் செடி மடமடவென்று வளரும். வேர்கள் பல இறங்கி, ஒன்றையொன்று தொடுமிடத்தில் ஒட்டிக்கொண்டு, பழைய மரத்தைச் சுற்றி வலைபோல ஒரு கூடு கட்டும். உள்ளே இருக்கும் மரம் பருக்கப் பார்க்கும், கூடு விடாது. பட்டைக்கு அடியில் உணவு போகும் பாதை நெரிபடும். மேலே வெயிலையும் கீழே தண்ணீரையும் இச்சியே எடுத்துக்கொள்ளும். பல வருடம் கழித்துப் பழைய மரம் உளுத்துப்போனால், நடுவில் குழாய்போல ஓட்டை விட்டு இச்சி தன் காலில் நிற்கும். (சமவெளியில் ஆல் சுற்றிய பனை பல காலம் சாகாமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பனை மற்ற மரங்களைப்போலப் பருப்பதில்லை, உணவுக் குழாய்களும் பட்டைக்கு அடியில் இல்லாமல் தண்டு முழுக்கப் பரவியிருக்கின்றன. நெரிக்க அங்கே ஒன்றும் இல்லை.)

மார்ட்டின் ஃபவுலர் இந்த வகை மரத்தை 2001இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மழைக்காட்டில், சுற்றுலாப் போன இடத்தில் பார்த்தார். 1963இல் இங்கிலாந்தின் வால்சால் ஊரில் பிறந்தவர். மென்பொருளை எப்படி வடிவமைப்பது என்று எழுதுவதையே தொழிலாகக் கொண்டவர். தன்னைப் பற்றிய குறிப்பில் தானே 'வாயாடி' என்று எழுதிக்கொண்டவர். 2000 முதல் தாட்வொர்க்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறார். மென்பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக, மாற்றங்களை ஏற்றுக்கொண்டே எழுத வேண்டும் என்று 2001இல் சொன்ன அஜைல் அறிக்கையில் கையெழுத்திட்ட 17 பேரில் ஒருவர். 1999இல் வந்த 'ரீஃபாக்டரிங்' அவருடைய புகழ்பெற்ற புத்தகம். ஒரு ப்ரோக்ராமின் வெளி நடத்தை மாறாமல், உள்ளே மட்டும் சின்னச் சின்ன அடியாகச் சீர்செய்வது எப்படி என்பதுதான் அதன் விஷயம். யோசனை அவருடையதல்ல, ஸ்மால்டாக் என்ற கணினி மொழியில் எழுதியவர்களிடம் ஏற்கெனவே புழங்கியது. வில்லியம் ஆப்டைக் 1992இலேயே அதில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவிட்டார். சிதறிக் கிடப்பதைப் பொறுக்கி, பெயர் வைத்து, எல்லோருக்கும் புரியும்படி சொல்வதுதான் ஃபவுலரின் திறமை. எந்த நிரலைச் சீர்செய்ய வேண்டும் என்று கண்டுபிடிக்க அந்தப் புத்தகம் தரும் விதி, அதில் பங்களித்த கென்ட் பெக்கின் பாட்டி குழந்தைத் துணியைப் பற்றிச் சொன்னது: நாறினால் மாற்று.

அதே 1999இல்தான் மாத்யூ பாதிரியார் பழனி மலைத் தாவரங்களைப் பற்றி எழுதிய பெருநூலும் வந்தது. ஒவ்வொரு செடியாகத் தேடிப் பெயர் எழுதுகிற அந்த மாதிரி வேலைக்கு இன்று யாராவது நிதி கேட்டால், "இதனால் என்ன பயன்?" என்ற கேள்விதான் முதலில் வரும். பெயர் வைத்தால்தான் ஒன்றைப் பற்றிப் பேசவே முடியும், செடியானாலும் நிரலானாலும். சரி, கதைக்கு வருகிறேன்.

2004இல் ஃபவுலர் 'ஸ்ட்ராங்க்ளர் அப்ளிகேஷன்' (நெரிக்கும் மென்பொருள்) என்று ஒரு சின்னக் குறிப்பு எழுதினார். பழைய மென்பொருளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை ஒரே நாளில் வைப்பதற்குப் பதிலாக, அந்தக் காட்டு மரத்தைப்போலப் பழையதன் மேலேயே புதியதை வளர்த்தால் என்ன? பின்னால் 'நெரிப்பது' என்ற சொல் உறுத்தி, மரத்தின் பெயரையும் சேர்த்துத் தலைப்பை 'ஸ்ட்ராங்க்ளர் ஃபிக்' என்று மாற்றினார்.

உங்கள் தோட்டத்தையே எடுத்துக்கொள்வோம். கணக்கு அறைக்கு ஒரு ஜன்னல். சீட்டை நீட்டுகிறவருக்கு உள்ளே யார் எழுதுகிறார்கள் என்று தெரியாது, தெரியவும் வேண்டாம். மென்பொருளுக்கும் அப்படி ஒரு ஜன்னலை முதலில் வையுங்கள். எல்லாக் கோரிக்கையும் அதன் வழியாகப் போகட்டும். முதல் நாள் அந்த ஜன்னல் அத்தனையையும் பழைய கணக்குப்பிள்ளையிடமே கொடுக்கும். ஒன்றுமே மாறியிருக்காது. செலவு செய்து ஒன்றையும் மாற்றவில்லையா என்று முதலாளி முறைப்பார். முறைக்கட்டும்.

இரண்டாவது கட்டம், எடைச் சீட்டை மட்டும் எடுத்துக்கொள்வது. ஜன்னல் அதன் நகல் ஒன்றைப் புதிய ஆளுக்கும் தரும். வெளியே போவது பழையவரின் விடைதான். ராத்திரி இரண்டு விடைகளையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இந்தக் கட்டத்தில்தான் எனக்கு எப்போதும் சிரிப்பு வரும். பழையது 49 கிலோ என்னும், புதியது 50 என்னும். தோண்டிப் பார்த்தால், சாக்கு எடைக்கு 1 கிலோ கழிக்க வேண்டும் என்று எப்போதோ யாரோ ஒரு வரி எழுதியிருப்பார்கள். எந்த ஆவணத்திலும் இருக்காது, எழுதியவரும் வேலையை விட்டுப் போயிருப்பார். அந்த நிரலுக்கு மட்டுமே தெரிந்த விதி அது. ஒரே நாளில் மாற்றியிருந்தால், கூலி நாளன்று ஆட்கள் வந்து கத்திய பிறகுதான் தெரிந்திருக்கும்.

சில வாரம் விடைகள் ஒத்துப்போனால் ஜன்னலில் ஒரு வரியைத் திருப்புங்கள். இனிப் புதியவரின் விடை வெளியே போகும். கோளாறு என்றால் அதே வரியை மறுபடி திருப்பினால் போதும், பழையவர் இன்னும் உள்ளேதான் உட்கார்ந்திருக்கிறார். அந்த ஒரு சீட்டுதான் மண்ணைத் தொட்ட வேர். அதன் பிறகு இருப்பு, முன்பணம் என்று ஒவ்வொன்றாக இறக்கலாம்.

சிக்கல் தரவில் இருக்கிறது. முன்பணம் பழைய இடத்தில், கூலி புதிய இடத்தில் என்றால் இரண்டு பேரேடும் ஒத்துப்போக நடுவில் ஒரு பாலம் வேண்டும். வேலை முடிந்ததும் அந்தப் பாலத்தைப் பிரித்துவிட வேண்டும். "தூக்கிப் போடப்போகிற நிரலுக்கு ஏன் காசு?" என்பார்கள். கட்டடத்துக்குச் சாரம் கட்டுகிறோமே, அதை என்ன பூசி வெள்ளையடித்தா வைத்திருக்கிறோம்?

நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் இப்படிச் செய்யவில்லை. எல்லாவற்றையும் மூடிய அறையில் புதிதாக எழுதினோம். அதற்குள் 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தது. பழையதை அவசரமாக மாற்றினார்கள், நாங்கள் புதியதில் அதைத் துரத்தினோம். அதற்குள் பழையதில் இன்னொன்று மாறியது. நிற்காத பஸ்ஸின் பின்னால் ஓடுவது மாதிரிதான். அந்தப் புதிய மென்பொருளைக் கடைசிவரை யாரும் பயன்படுத்தவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் மரம் நமக்கு உதவாது. காட்டில் பழைய மரம் தானாக உளுத்துவிடும். மென்பொருள் உளுக்காது, கடைசிப் பகுதியை யாராவது நிறுத்தியாக வேண்டும். அதற்குத்தான் எல்லோரும் பயப்படுவார்கள். இச்சியில் முனி இருக்கிறது என்று மலையில் சிலர் வெட்டமாட்டார்கள். எனக்கு முனியில் நம்பிக்கை கிடையாது, ஆனால் அந்தப் பயத்தால் சில மரங்கள் பிழைத்தன என்பதில் சந்தோஷம்தான். சர்வர் அறையிலும் ஒரு முனி உண்டு. "அதைத் தொடாதே, ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது" என்பார்கள். அந்த முனியை ஓட்ட வேண்டுமென்றால், அந்தப் பகுதிக்கு இன்னும் யார் சீட்டு அனுப்புகிறார்கள் என்று ஜன்னலில் ஒரு மாதம் எண்ணிப் பாருங்கள். ஒன்றும் வரவில்லை, வருடக் கடைசிக் கணக்குக்கும் அது தேவையில்லை என்றால் நிறுத்திவிடலாம்.

ஆகவே, தாண்டிக்குடி நண்பரே, ஒரு வாரம் மூட வேண்டாம். பழம் பறிக்கும் மாதங்களில் தொடங்கவும் வேண்டாம். பறிப்பு முடிந்ததும் முதலில் ஜன்னல், அப்புறம் எடைச் சீட்டு. சாக்குக்கு எவ்வளவு கழிக்கிறீர்கள் என்று மட்டும் இப்போதே எடை போடுகிறவரிடம் கேட்டு எழுதி வைத்துவிடுங்கள்.