கெம்புன்னா என்ன? தமிழ்ல எப்படிச் சொல்றது?

கும்பகோணம் நகைக்கடையில அட்டிகை, ராக்கொடி, மாங்கா மாலைன்னு செவப்புக்கல் வச்சு எதை எடுத்தாலும் "கெம்பு செட்டு"ம்பாங்க, கல்யாணப் பொண்ணுக்கும் அதான், அரங்கேற்றத்துக்கும் அதான்.

கன்னடத்துல கெம்புன்னா செவப்பு, மாணிக்கக்கல்லுக்கும் அதே பேருதான், தெலுங்குலயும் கெம்புன்னா மாணிக்கம். தஞ்சாவூர் நாயக்கர் அரண்மனையில தெலுங்கு கொடிகட்டிப் பறந்த ஊரு நம்மளது, அதனால இந்தச் சொல்லு இங்க பொழங்குறதுல ஆச்சரியமே இல்ல. அதுக்காக இதை அந்நியச் சொல்லுன்னு தள்ளிடாதீங்க! தமிழ்ல "ச" வர்ற பல எடத்துல கன்னடத்துல "க" நிக்கும், நம்ம செவி அங்க கிவி, சிறு அங்க கிறு, அந்தக் கணக்குலதான் நம்ம செம், செம்மை, செம்பு எல்லாத்துக்கும் கெம்பு ஒறவு. ஒரே வேரு, நாம உலோகத்துக்கு வச்சுக்கிட்டோம், அவங்க கல்லுக்கு வச்சாங்க.

அப்ப நம்ம ஆளுங்க அந்தக் கல்லை என்னன்னு சொன்னாங்க? தஞ்சாவூர் பெரிய கோயில் கல்வெட்டுல மாணிக்கம்னுதான் இருக்கு, அதுல ஒரு வகைக்கு குருவிந்தம்னு பேரு. அந்தக் கல்வெட்டை ஒருதரமாவது படிச்சுப் பாக்கணுங்க, ராஜராஜன் "நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்"னு வரிசையா சொல்றான், ராஜா பேருக்கு அடுத்தபடியா அக்கா குந்தவை, அப்புறந்தான் மத்தவங்க, யாரு என்ன நகை குடுத்தாங்கங்கறதே அவங்க மதிப்பைச் சொல்லிடுது. ஒவ்வொரு நகையிலயும் எத்தனை கல், எவ்வளவு நிறைன்னு கழஞ்சு, மஞ்சாடி, குன்றி வரைக்கும் எழுதி, உள்ள அடைச்ச அரக்கையும் சேத்து நிறுத்ததான்னு கூடப் போட்டிருக்காங்க. ஒரு கழஞ்சு 20 மஞ்சாடி, ஒரு மஞ்சாடி 2 குன்றி, அவ்வளவு பொடிக்கணக்கு. வைரத்துல முறிஞ்சது, வெந்தது, புள்ளி விழுந்ததுன்னு கொறையைக் கூட மறைக்கல. சாமிக்குக் குடுத்த பொருளுக்கு ஊரு பாக்கக் கணக்கு வச்ச நேர்மை அது.

என்னைக் கேட்டா, அசல் கல்லுன்னா மாணிக்கம்னே சொல்லுங்க, செம்மணியும் நல்ல தமிழ்தான். இப்ப கெம்புன்னு விக்கறதுல நெறைய கண்ணாடிக்கல்லும் செயற்கைக்கல்லும்தான், அதுக்கு நம்ம பாட்டிங்க சொன்ன செவப்புக்கல்லே போதும். எந்தப் பேரு சொல்லி வாங்கினாலும் தங்கம் எவ்வளவு, கல்லு எவ்வளவு, அரக்கு எவ்வளவுன்னு பில்லுல தனித்தனியா எழுதி வாங்கிக்கோங்க.