வெர்மிகுலைட்: பொரியபிரகம்

வெர்மிகுலைட் என்னும் கனிமப் பெயரின் வேர் இலத்தீனில் உள்ளது. ‘வெர்மிஸ்’ என்றால் புழு. ‘வெர்மிகுலுஸ்’ என்றால் சிறுபுழு. சேமியாப் பொட்டலங்களில் அச்சிடப்படும் ‘வெர்மிசெல்லி’ என்ற பெயரும் அதே வேரிலிருந்து இத்தாலிய மொழி வழியாக வந்ததுதான். 1824இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கிடைத்த, மைக்காவைப் போல ஏடேடாகப் பிரியும் ஒரு கனிமத்தைச் சூடாக்கியபோது, அதன் துணுக்குகள் புழுக்கள் நெளிவதுபோல நீண்டு விரிந்ததைக் கண்டு இப்பெயரை இட்டனர்.

விரிவுக்குக் காரணம் நீர். ஏடுகளுக்கிடையே சிக்கியிருக்கும் நீர், ஏறத்தாழ 900 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சட்டென்று ஆவியாகி ஏடுகளைத் தள்ளிப் பிரிப்பதால், துணுக்கு பல மடங்கு உப்பிக் காற்றறைகள் நிறைந்த இலேசான பொருளாகிறது. சந்தையில் சுடுமணலில் இட்ட அரிசி பொரிவதும் உள்ளிருக்கும் ஈரத்தால்தான்.

தீ விபத்தின் வெப்பத்திலிருந்து கட்டடத்தைக் காக்க, இவ்வாறு பொரிந்ததைச் சிமெண்டோடு குழைத்துத் தூண்கள்மீது பூசினால், காற்றறைகள் வெப்பத்தை மெல்லவே கடத்துகின்றன. சிமெண்டு பிணைத்து வைத்திருக்கும் நீரும் ஆவியாகும்போது வெப்பத்தில் ஒரு பங்கை உட்கொள்கிறது. ஓசூர்த் தொழிற்கூடங்களின் எஃகுத் தூண்கள் எரியாதவைதாமே என்று எண்ணிவிடக் கூடாது. 550 பாகையை ஒட்டிய வெப்பத்தில் எஃகு தன் வலிமையில் பாதியளவை இழந்து வளையத் தொடங்கும். கிருஷ்ணகிரியின் கருங்கல் ஜல்லி இட்ட கான்கிரீட்டுக்கும் ஓர் எல்லை உண்டு: கருங்கல்லிலுள்ள குவார்ட்சு என்னும் கனிமம் 573 பாகையில் படிக அமைப்பு மாறித் திடீரென விரிவதால், கான்கிரீட்டில் வெடிப்பு விழும். உறுதிக்குப் பெயர் பெற்ற நம் கல்லுக்கும் இலேசான ஒரு போர்வை தேவைப்படுகிறது. அதற்குரிய கனிமம் தொலைவில் இல்லை. அடுத்துள்ள திருப்பத்தூர் வட்டத்தில் அது வெட்டியெடுக்கப்பட்டிருக்கிறது.

தமிழில் இதற்கு என்ன பெயர் சொல்வது? புழு என்பதைப் பற்றிக்கொண்டு ‘புழுக்கல்’ என்று மொழிபெயர்த்தால், சோற்றைக் குறிக்கும் பழஞ்சொல்லோடு மயங்கும். அன்றியும், இலத்தீன் பெயர் கண்ணுக்குத் தெரிந்த வடிவத்தைச் சொல்கிறதே தவிர, பொருளின் இயல்பைச் சொல்லவில்லை. ஆகவே ‘பொரியபிரகம்’ என்பதே பொருந்தும் என்று கருதுகிறேன். அபிரகம் என்பது மைக்கா. அது வடசொல் வழி வந்தது. காக்காப்பொன் என்னும் மக்கள் வழக்கை விரும்புவோர் ‘பொரிகாக்காப்பொன்’ எனலாம், சற்று நீளும். ‘ஊறுகாய்’ என்ற சொல்லைப் போலப் ‘பொரியபிரகம்’ என்பதும் வினைத்தொகை: பொரிந்த, பொரிகின்ற, பொரியும் அபிரகம் என முக்காலத்துக்கும் விரியும். சுரங்கத்திலிருந்து வந்த பொரியாத கனிமத்தையும், உலையில் பொரிந்து சாக்கில் வரும் சரக்கையும் வெர்மிகுலைட் என்ற ஒரே பெயரால் அழைப்பதுபோல, இந்த ஒரு சொல்லும் இரண்டுக்கும் பொருந்தும்.

பூச்சின் பெயரிலும் கவனம் வேண்டும். ‘தீத்தடுப்புப் பூச்சு’ என்று எழுதுவது பிழைபட்ட எண்ணத்தைத் தரும், ஏனெனில் பூச்சு தீப்பிடிப்பதைத் தடுப்பதில்லை. தீப்பற்றிய கட்டடத்தின் தூண் ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ நிலைகுலையாமல் நிற்க உதவுகிறது, அதற்குள் உள்ளிருப்போர் வெளியேற வேண்டும். அதன் திறனை மணிக்கணக்கில் அளப்பதும் இதனால்தான். எனவே ஒப்பந்தத் தாள்களிலும் வரைபடங்களிலும் ‘தீத்தாங்கு பொரியபிரகச் சிமெண்டுப் பூச்சு’ என்று எழுதி, அருகிலேயே அது தாங்கும் நேரத்தையும் பூச்சின் கனத்தையும் குறிக்க வேண்டும்.