விழுந்த மரம் யாருடையது? விறகு எடுப்பதற்கான உரிமையும் அனுமதியும்

காற்றில் சாய்ந்த மரமும், சாலை விரிவாக்கத்துக்காக வெட்டித் தள்ளிய மரமும் வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும்போது, அவை யாருக்கும் வேண்டாதவை என்றும், எடுத்துப்போனால் கேட்பாரில்லை என்றும் பலர் நினைத்துவிடுகிறார்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் திருட்டு என்பதை விளக்கத் தந்த முதல் எடுத்துக்காட்டே மரம்தான். வேரோடு நிலத்தில் நிற்கும்வரை மரம் அசையாப் பொருள். அதைத் திருட முடியாது. நிலத்திலிருந்து பிரிந்த அந்தக் கணமே அது அசையும் பொருளாகிவிடுகிறது. அடுத்தவர் நிலத்து மரத்தை அவர் சம்மதமின்றிக் கொண்டுபோகும் எண்ணத்தோடு வெட்டிச் சாய்த்த உடனேயே திருட்டு நிறைவேறிவிடுகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவிலும் இதே விளக்கம் தொடர்கிறது. ஆகவே மரம் விழுந்ததால் அதன் உடைமை போய்விடுவதில்லை. இலவசமாக விறகு எடுக்க விரும்புகிறவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: இந்த மரம் யார் நிலத்தில் நின்றது?

பட்டா நிலம் என்றால் பதில் எளிது. நிலத்துக்காரரிடம் கேட்டு, அவர் சரியென்றால் எடுத்துக்கொள்ளலாம். ஒன்றிரண்டு கட்டு சுள்ளிக்கு வாய்ச்சொல் போதும். அடிமரத்தையே அறுத்து வண்டியில் ஏற்றுவதானால், சர்வே எண்ணையும் மரத்தின் வகையையும் குறிப்பிட்டு, "என் நிலத்தில் விழுந்த மரத்தை இன்னார் எடுத்துச்செல்லச் சம்மதிக்கிறேன்" என்று ஒரு தாளில் எழுதி, தேதியிட்டுக் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. வழியில் யாராவது நிறுத்தினால் காட்டவும், பின்னால் பங்காளிகளுக்குள் சிக்கல் வந்தால் நம்மைக் காத்துக்கொள்ளவும் அந்தத் தாள் உதவும்.

பல சமயங்களில் மரத்தை அப்புறப்படுத்த ஆள் கிடைக்காமல் தவிப்பவர் நிலத்துக்காரராகவே இருப்பார். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல் டெல்டா மாவட்டங்களின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது இதைப் பார்த்தோம். விழுந்த தென்னை ஒன்றுக்கு அரசு முதலில் அறிவித்த 1,100 ரூபாயில் 600 ரூபாய் மரத்துக்கான இழப்பீடு. 500 ரூபாய் அதை வெட்டி அகற்றும் கூலி. அகற்றுவதற்கென்று தனியே பணம் ஒதுக்க வேண்டிய அளவுக்கு அது பெருஞ்சுமையாக இருந்தது. மட்கிக் கிடக்கும் தென்னந்தண்டு காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும் இடம் என்பதால், தோப்பில் கிடப்பதை எடுத்துப்போகிறவர், எஞ்சி நிற்கும் மரங்களுக்கும் நன்மை செய்கிறார். தென்னந்தண்டு நன்கு காயாமல் சரியாக எரியாது என்றாலும் மட்டை, பாளை, பன்னாடை ஆகியவை அடுப்புக்கு உடனே பயன்படும்.

சொந்த நிலமே ஆனாலும் சில மரங்களுக்கும் சில ஊர்களுக்கும் விலக்கு உண்டு. சந்தன மரம் பட்டா நிலத்தில் பட்டுப்போய் நின்றாலும் உரிமையாளர் தாமாக வெட்டி எடுக்க முடியாது. வனத்துறைக்குத் தெரிவித்து, அதன் வழியாகத்தான் எடுக்க வேண்டும். நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளில் 1955ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதிகள் மரப் பாதுகாப்புச் சட்டப்படி, தனியார் நிலத்து மரத்தை வெட்டவும் மாவட்டக் குழுவின் அனுமதி தேவை. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021ஆம் ஆண்டின் வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. சந்தனம், ஈட்டி, தேக்கு ஆகிய மூன்றில் எதுவாக இருந்தாலும், துண்டு சிறியது என்று எண்ணி வண்டியில் ஏற்றிவிடாமல், 1968ஆம் ஆண்டின் மரப் போக்குவரத்து விதிகளின்படி அனுமதிச்சீட்டு தேவைப்படுமா என்று வனச்சரக அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

புறம்போக்கு மரங்களில்தான் குழப்பம் அதிகம். "ஊர்ப் பொது மரம்" என்று நாம் சொன்னாலும் ஒவ்வொன்றுக்கும் பொறுப்பான ஓர் அலுவலகம் இருக்கிறது. மாநிலச் சாலையோர மரம் நெடுஞ்சாலைத் துறையினுடையது. ஊராட்சிச் சாலை மரம் ஊராட்சியினுடையது. ஏரிக்கரையிலும் கண்மாய் உள்வாயிலும் நிற்பது, நீர்நிலையின் அளவைப் பொறுத்து நீர்வளத் துறை அல்லது ஊராட்சி அமைப்பின் பொறுப்பில் வரும். சில ஏரிகளுக்குள் நிற்கும் கருவேலந்தோப்புகள் சமூகக் காடுகள் திட்டத்தில் வனத்துறை வளர்த்தவை. இவை தவிர, புறம்போக்கில் நிற்கும் புளி, பனை போன்றவற்றின் பலனை அனுபவிக்கத் தனியாருக்கு '2சி' மரப்பட்டா கொடுக்கப்பட்டிருக்கலாம். இந்த விவரம் கிராம நிர்வாக அலுவலரின் 2சி கணக்கில் இருக்கும். யாரிடம் மனு கொடுப்பது என்று தெரியாதவர் அவரிடமே முதலில் போவதுதான் சுருக்கமான வழி.

இப்படிப்பட்ட அரசு மரங்கள் வெட்டப்படும்போதும் விழும்போதும் பெரும்பாலும் ஏலத்துக்கு வரும். ஏலம் முடிந்து பணம் கட்டியாகிவிட்டால் மரம் ஏலம் எடுத்தவருக்குச் சொந்தம். அதன் பிறகு ஊராட்சித் தலைவர் "எடுத்துக்கொள்" என்று சொன்னாலும் அது செல்லாது. அதே சமயம் இலவச விறகு அதிகமாகக் கிடைப்பதும் இந்தக் கட்டத்தில்தான். ஏலம் எடுத்தவருக்கு வேண்டியது அறுப்புக்கு உதவும் அடிமரமும் பருத்த கிளைகளும்தான்; மிலாறு, சிறு கொப்பு, பட்டை, தோண்டி எடுக்கக் கூலி அதிகமாகும் தூர் ஆகியவற்றை அவர் பெரும்பாலும் விட்டுவிட்டுப் போகிறார். வெட்டு நடக்கும்போதே அவரிடமோ அவருடைய மேஸ்திரியிடமோ கேட்டால் மறுப்பது குறைவு. ஆனால் கூலிக்கு வெட்டுகிறவர் தாமாகப் பணம் வாங்கிக்கொண்டு கட்டை தருவதாகச் சொன்னால் வாங்கக் கூடாது. விற்கும் உரிமை அவருக்கு இல்லை, ரசீதும் கிடைக்காது.

ஏலம் போகாமல் கிடக்கும் மரத்துக்கு மனு எழுதுவது கடினமான வேலையன்று. மரம் கிடக்கும் இடம், அருகிலுள்ள அடையாளம், மரத்தின் வகை, விழுந்த நாள், எந்தப் பகுதி வேண்டும், வீட்டு உபயோகத்துக்கா பொதுக் காரியத்துக்கா என்ற விவரம், எடுத்துச்செல்லும் நாள் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதி, நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் பெற்றுக்கொள்ள வேண்டும். முத்திரை பெற்ற நகல், மனு கொடுத்ததற்கு மட்டுமே சான்று. அனுமதி கிடைத்துவிட்டதாக அதற்குப் பொருளில்லை. பதில் வரும்வரை மரத்தைத் தொடக் கூடாது.

சீமைக் கருவேலத்தின் நிலை சற்று வேறு. வேலிக்காத்தான் என்றும் அழைக்கப்படும் இம்மரத்தை அகற்ற வேண்டும் என்று உயர் நீதிமன்றம் திரும்பத் திரும்ப ஆணையிட்டிருக்கிறது. அந்நியத் தாவரங்களை அகற்றுவதற்கென்று தமிழ்நாடு அரசு 2022இல் தனிக் கொள்கையே வெளியிட்டது. அதனால் எங்கு வேண்டுமானாலும் வெட்டலாம் என்ற எண்ணம் ஊர்களில் பரவிவிட்டது. சொந்தப் பட்டா நிலத்தில் வெட்டலாம், வெட்டவும் வேண்டும். கண்மாய்க்குள் நிற்பதை அப்படி வெட்ட முடியாது. இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் வட்டாரங்களில் கரிமூட்டத் தொழிலால் இந்த மரத்துக்கு நல்ல விலை இருப்பதால், ஊராட்சியோ நீர்வளத் துறையோ அதை ஏலம் விட்டு வருவாய் பார்க்கிறது. இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும்: கட்டையை மட்டும் வெட்டிக்கொண்டு தூரை விட்டுவந்தால், அடுத்த மழைக்கு ஒன்று பத்தாகத் துளிர்க்கும். விறகுக்காக வெட்டுகிறவர் தூரையும் தோண்டி எடுத்தால்தான் நிலத்துக்கு நன்மை. தூர்க்கட்டை நின்று எரியும் என்பதால் அவருக்கும் நன்மை.

நகரங்களில் புயலுக்குப் பின் தெருவில் கிடக்கும் மரம் மாநகராட்சி அல்லது நகராட்சியின் பொறுப்பு. 2016 டிசம்பர் 12 அன்று வந்த வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களை வீழ்த்தியபோது, வழியைத் திறந்துவிட்டால் போதும் என்ற நிலையில் மக்கள் தாங்களே அறுத்து ஒதுக்கினார்கள். அத்தகைய நேரத்திலும் களத்தில் நிற்கும் பணியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுப்பதே முறை. மின்கம்பி சிக்கிய கிளையை, மின்வாரியப் பணியாளர் இணைப்பைத் துண்டித்ததை உறுதி செய்யும்வரை, கையாலோ அரிவாளாலோ தொடவே கூடாது.

இனிக் காட்டுக்கு வருவோம். மலையடிவார ஊர்களில் விறகு என்றாலே காடுதான். அங்கேதான் விறகெடுக்கும் பெண்கள் அதிகமாக அச்சப்படுகிறார்கள். சும்மாட்டின் மேல் சுமையோடு இறங்கிவரும் பெண்கள் வனக்காவலரைக் கண்டதும் கட்டைப் போட்டுவிட்டு ஒதுங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுள் சிலருக்குச் சட்டம் கொடுத்த உரிமை இருந்திருக்கக்கூடும். அதை அவர்களிடம் எடுத்துச் சொல்லத்தான் ஆளில்லை.

பொது விதி கடுமையானதுதான். 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி, காப்புக்காட்டில் அனுமதியின்றி மரம் வெட்டுவதும் கிளை கழிப்பதும் வனப்பொருளை எடுத்து வருவதும் குற்றம். தானாக விழுந்த மரமும் வனச் சட்டத்தின் பார்வையில் வெட்டிய மரத்தைப் போன்றதுதான். விறகோடு கோடரியும் வண்டியும் பறிமுதலாகலாம். சரணாலயங்களுக்கும் தேசியப் பூங்காக்களுக்கும் இன்னும் கடுமை உண்டு: பட்டுப்போன, நோயுற்ற, காற்றில் விழுந்த மரங்களையும் அங்கிருந்து அகற்றக் கூடாது என்று 2000 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அந்த ஆணை பிறந்த கோதவர்மன் வழக்கு 1995இல் நம் கூடலூர்க் காடுகளில் நடந்த மரவெட்டை எதிர்த்துத் தொடுக்கப்பட்டது. பட்ட மரத்தின் பொந்தில் பறவை கூடு கட்டுகிறது. மட்கும் கட்டைதான் அடுத்த தலைமுறை மரத்துக்கு உரம். இவற்றை எண்ணிப் பார்த்தால் அந்த ஆணையின் நியாயம் புரியும்.

இந்தப் பொது விதியோடு நிற்காமல், காட்டை நம்பி வாழ்கிறவருக்கென்று 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வந்தது. அது 2007 டிசம்பர் 31 முதல் நடைமுறையில் இருக்கிறது. மரபாகச் சேகரித்து வந்த சிறு வன விளைபொருள்களை எடுக்கவும் பயன்படுத்தவும் விற்கவும் உரிமை உண்டு என்று அதன் 3ஆம் பிரிவு சொல்கிறது. சிறு வன விளைபொருள் எவை என்று வரையறுக்கும் இடத்தில் மூங்கில், தேன், கிழங்கு ஆகியவற்றோடு சுள்ளி விறகும் அடிக்கட்டையும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டுள்ளன. அறுப்பு மரம் அதில் சேராது. அதாவது, விழுந்து கிடக்கும் தேக்கை அறுத்துக்கொண்டு வர இந்தச் சட்டம் உதவாது. அடுப்பெரிக்கச் சுள்ளி பொறுக்குவதற்கு உதவும். சரணாலயமும் தேசியப் பூங்காவும்கூட இந்தச் சட்டம் சொல்லும் வனநிலத்துக்குள் அடங்கும் என்பதால், ஏற்பளிக்கப்பட்ட உரிமை அங்கும் செல்லும்.

உரிமை கோரத் தகுதியுள்ளவர் இரு வகையினர். காட்டில் வசித்தும் வாழ்வாதாரத்துக்குக் காட்டை நம்பியும் இருக்கும் பட்டியல் பழங்குடியினர் முதல் வகை. மற்ற மரபுவழி வனவாசிகள் இரண்டாம் வகை. 2005 டிசம்பர் 13க்கு முந்தைய மூன்று தலைமுறைகளாக, அதாவது 75 ஆண்டுகளாக, அவர்கள் அந்தக் காட்டைச் சார்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். விறகுக்கான உரிமையைத் தனித்தனி வீடாகக் கேட்பதைவிட, ஊராகச் சேர்ந்து சமூக உரிமையாகக் கேட்பதே பொருத்தம். அதற்குரியது 'பி' படிவம். அதற்குக் கட்டணம் இல்லை. கிராம சபை தேர்ந்தெடுக்கும் வன உரிமைக் குழுவிடம் அதைக் கொடுக்க வேண்டும். குழு நேரில் வந்து பார்த்துப் பதிவு செய்து கிராம சபை முன் வைக்கும்; சபையின் தீர்மானம் கோட்ட அளவிலான குழுவுக்கும், பின்னர் ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கும் போகும். கிராம சபை மறுத்தால் கோட்டக் குழுவிடமும், கோட்டக் குழு மறுத்தால் மாவட்டக் குழுவிடமும் 60 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

எங்களிடம் ஆவணம் ஏது என்று தயங்குகிறவர்கள் பலர். ஊரில் வழிவழியாகக் கிழங்கும் தீவனமும் விளைபொருளும் எடுத்த இடங்கள், வழிபாட்டு மரங்கள், பழைய இடுகாடு ஆகியவற்றையே விதிகள் சமூக உரிமைக்குச் சான்றாக ஏற்கின்றன. ஊர்ப் பெரியவர்களின் வாய்மொழியை எழுதிக் கொடுத்தாலும் அது சான்றுதான். எந்தப் பாதையில் போய், எந்தச் சரிவில், எந்த மாதங்களில் விறகெடுக்கிறோம் என்பதை விறகெடுக்கும் பெண்களே கிராம சபையில் சொல்லிப் பதிவு செய்வது முக்கியம். ஏனெனில் வரைபடம் போடுகிற ஆண்களுக்கு அந்த இடங்கள் பல சமயம் தெரிவதில்லை. தமிழ்நாட்டில் நீதிமன்ற ஆணை ஒன்றால் உரிமைப் பட்டயம் வழங்குவது 2008 முதல் முடங்கியிருந்தது. அந்தத் தடை 2016இல் நீங்கியது. முன்பு கேட்டுக் கிடைக்கவில்லை என்பவர்கள் மறுபடியும் கேட்க வேண்டும்.

எடுத்துவரும் முறையும் மாறியிருக்கிறது. 2008ஆம் ஆண்டு விதிகள் தலைச்சுமை, மிதிவண்டி, கைவண்டி என்று மட்டும் சொன்னதை மாற்றி, 2012ஆம் ஆண்டுத் திருத்தம் ஏற்ற வாகனம் எதையும் பயன்படுத்தலாம் என்றது. சிறு வன விளைபொருளுக்கான போக்குவரத்துச் சீட்டைக் கிராம சபையின் குழுவே வழங்கவும் அது வழி செய்தது. உரிமையோடு பொறுப்பும் உண்டு: காட்டையும் உயிரினங்களையும் காக்கும் கடமையை இதே சட்டத்தின் 5ஆம் பிரிவு உரிமையாளர் மேல் வைக்கிறது. பச்சை மரத்தை வெட்டிக் காயப்போட்டுப் பின்னர் விறகாக எடுப்பது இந்த உரிமைக்குள் வராது.

சட்டத்தின் தகுதிக்குள் வராத அடிவார ஊர்க்காரர்கள், தங்கள் ஊரில் கிராம வனக் குழு இருக்கிறதா என்று வனவரிடம் கேட்கலாம். 1997இல் தொடங்கிய தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டத்தின்போது பல ஊர்களில் அமைக்கப்பட்ட இக்குழுக்களின் வழியாக, குறித்த பகுதியில் சுள்ளியும் தீவனமும் எடுக்க ஏற்பாடு செய்துகொள்ள முடியும்.

உரிமை பெற்ற ஊர்க்காரர் விறகுக்குப் போகும்போது பட்டயத்தின் நகலையும் கிராம சபைக் குழுவின் சீட்டையும் முந்தானையில் முடிந்துகொண்டாவது போக வேண்டும். தனியே போகாமல், பொழுது சாய்வதற்குள், யானை இறங்கும் நேரத்துக்கு முன் திரும்பிவிட வேண்டும். யாராவது தடுத்தால் கட்டைப் போட்டுவிட்டு ஓடாமல் நகலைக் காட்டலாம். அதன் பிறகும் விறகையோ கருவியையோ பறிமுதல் செய்தால், என்ன எடுக்கப்பட்டது, எந்த இடத்தில், எந்தப் பிரிவின் கீழ் என்று எழுதிய மகஜரின் நகலைக் கேட்டு வாங்கி, அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் அதை வைத்துத் தீர்மானம் எழுதி, மாவட்டக் குழுவுக்கு அனுப்பலாம்.